எக்ஸ்ரேக்காவின் ரம்பம்

தெருவில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அது உறவுமுறை என்பதைவிடப் பதவி. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களைச் சட்டத்தோடு நெஞ்சை ஒட்டி நிற்கவைப்பாள். "மூச்ச நல்லா இழுங்க. பிடிச்சுக்கோங்க. அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவாள். பிறகு "இப்ப விடலாம்" என்பாள். ஒருநாள் அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பேசப் போனவள் 'விடலாம்' என்று சொல்ல மறந்துவிட்டாள். உள்ளே ஒரு பெரியவர் முகம் சிவக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல் தட்டாத மனுஷர்.

அந்தப் போன் கப்பலிலிருந்து வந்தது. அவள் கணவர் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தார். கல்யாணமான புதிதில் ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டுப் போனவர், அதற்கப்புறம் விருந்தாளி மாதிரி வந்து வந்து போனார். குழந்தை இல்லை. அதைப் பற்றி உட்கார்ந்து பேசவாவது அவர் வீட்டில் இருந்திருக்க வேண்டுமே.

வீட்டில் அவளும் மாமியாரும்தான். முன்னறை, படுக்கையறை, சமையலறை, பின்கதவைத் திறந்தால் சுவர் சூழ்ந்த ஒரு சின்ன முற்றம். அந்த முற்றத்தில் ஓர் அறை கட்ட வேண்டும் என்பது கல்யாணத்தின்போதே போட்ட திட்டம். சமையலறைக் குழாய் சொட்டியது, பின்கதவுத் தாழ்ப்பாள் விழாமல் நின்றது, பரண் பலகை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எதைச் சொன்னாலும் போனில் அவர் பதில் ஒன்றுதான்: "அடுத்த தடவ வரும்போது பாத்துக்கலாம்." மாமியார் குழாயடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, "அடுத்த தடவ நெறஞ்சிடுச்சு, எடுத்து ஊத்து" என்பாள். வாசலில் ஏதாவது டாக்ஸி நின்றால் மட்டும், முட்டிவலியையும் மறந்து எழுந்துபோய் எட்டிப் பார்ப்பாள். திரும்பி வந்து, "யாரோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். மருமகளும் 'யார்?' என்று கேட்டதில்லை.

முற்றத்து மூலையில் ஒரு வாகை மரம் இருந்தது. இலை உதிர்ந்த காலத்தில் அதன் காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலவென்று பேசிக்கொண்டே இருக்கும். ஒரு மழைக்காலத்தில் விடாமல் காற்றடித்ததில் மரம் வேரோடு சாய்ந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமியார் போன் செய்தாள்.

"மரம் டெய்லர் வீட்டுச் சுவர்மேல சாஞ்சு உக்காந்திருக்கு. நீ வந்து எழுப்பு."

ஆட்கள் வந்து கிளைகளைக் கழித்து, அடிமரத்தைத் துண்டு போட்டு முற்றத்தில் உருட்டினார்கள். மறுநாள் மர வியாபாரி வந்து காலால் ஓர் உதை விட்டுப் பார்த்தார்.

"விறகுதாங்க. நாளைக்கு வண்டி அனுப்புறேன்."

அவர் போனபிறகு அவள் குனிந்து, அறுபட்ட முகத்தைப் பார்த்தாள். வெளிப்புறம் வெளிர்மஞ்சள். உள்ளே, ஓர் எல்லை போட்டதுபோலத் தொடங்கி, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் வைரம் பாய்ந்திருந்தது. நடுநடுவே கறுப்பு வரிகள். கை வைத்தால் ஈரம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் உட்புறங்களைத்தான் பார்த்துவந்திருக்கிறாள், ஆனால் எல்லாம் கறுப்பும் வெள்ளையும். இப்படி நிறத்தோடு ஒன்றை அவள் பார்த்ததில்லை. இவ்வளவு காலம் துணி காயப்போடும்போது முதுகை உரசிக்கொண்டு நின்ற மரத்துக்குள்ளா இது இருந்தது என்று யோசித்தாள். உள்ளே முழுக்க எப்படி இருக்கும் என்று பார்த்தே ஆகவேண்டும்போல இருந்தது.

வியாபாரிக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்றாள்.

"அப்ப அத என்ன பண்ணப் போற?" என்றாள் மாமியார்.

"தெரியல, அத்தை."

அந்த வாரம் ஒரு வெல்டர் அவளிடம் வந்தார். சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். எலும்பு கூடிவிட்டதா என்று பார்க்க வந்தவருக்குக் கையைத் தட்டில் வைத்து நேராக்கும்போது, பேச்சுவாக்கில் மரத்தைப் பற்றிச் சொன்னாள். வெல்டருக்குக் கையே மறந்துவிட்டது.

"என்கிட்ட ஒரு ரம்பம் கெடக்குக்கா. பொழுதுபோகாம நானே பண்ணது. ரெண்டு சக்கரம், அத சுத்தி பட்டை ரம்பம் ஓடும், ஒரு பழைய என்ஜின். கை ஒடஞ்சதுலேர்ந்து சும்மா நிக்குது. இப்ப என் வீட்டுக்காரி அதுலதான் துணி காயப்போடுறா."

"கைய அசைக்காதீங்க, தம்பி."

"நீங்க எடுத்துட்டுப் போங்கக்கா. அது ஓடுனாப் போதும் எனக்கு."

சொன்னபடியே அடுத்த ஞாயிறு ஒரு சின்ன லாரியில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு இரும்புத் தண்டவாளங்களை முற்றத்தில் படுக்கவைத்து, மட்டம் பார்க்கும் குழலை வைத்து வைத்து, அடியில் கட்டைத் துண்டு செருகினார். பாதி நாள் அதற்கே போயிற்று. "இது கோணுனா எல்லாம் கோணும்" என்றார். மரம் தண்டவாளங்களுக்கு நடுவே அசையாமல் கிடக்கும். ரம்ப வண்டியைத்தான் அதன் மேலாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கடப்பாரையால் எப்படி நெம்புவது, உருளாமல் எங்கே ஆப்பு வைப்பது, ரம்பப் பட்டை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் காட்டிவிட்டு, "நீங்க ஆஸ்பத்திரி ஆளு, பயந்தவங்க மாதிரி வேல செய்யுங்க, போதும்" என்று கிளம்பினார்.

மாமியார் பின்வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாள் பூரா மனுஷன் எலும்பப் பாத்தது பத்தாதுன்னு, இப்ப மரத்தோட எலும்பையும் பாக்கணுமா?"

"ஒரு தடவ பாத்துட்டு விட்டுடறேன், அத்தை."

"என் பையனும் கப்பலுக்கு அப்படிச் சொல்லிட்டுத்தான் போனான்."

முதல் பலகை வந்தது. அதைப் பலகை என்று சொன்னால் பலகைக்குக் கோபம் வரும். அவள் அவசரப்பட்டுத் தள்ளியதில் ரம்பம் அலைந்து, ஓரிடத்தில் விரற்கடை கனமும் இன்னோரிடத்தில் அப்பளக் கனமுமாக வளைந்து விழுந்தது. ஆனால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பியபோது, திறந்து கிடந்த மரத்தைப் பார்த்து அவள் அப்படியே நின்றாள். கறுப்பு வரிகள் நீளவாக்கில், நீரோட்டம்போல, ஒரு முடிச்சைச் சுற்றிக்கொண்டு ஓடின. இதை இதற்குமுன் யாரும் பார்த்ததில்லை, மரத்துக்கே தெரியாது என்று நினைத்தாள். உடனே யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. யாரிடம் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஆனால் அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. மாமியாரைக் கூப்பிட்டாள். மாமியார் வந்து, பார்த்து, தும்மினாள்.

வாகைத் தூள் அப்படி. மூக்கைப் பிடுங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் டெய்லர் தும்மினார், அவர் மனைவி தும்மினாள். சுவருக்குமேல் டெய்லரின் தலை எழும்பியது.

"எக்ஸ்ரேக்கா, இது ஞாயித்துக்கிழமை மட்டும்தானே?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தாங்க. அதுவும் நீங்க டிபன் சாப்ட்ட பிறகு."

"அப்ப சரி. தும்முறதுக்கும் ஒரு நாள் வேணும்ல" என்று தலை இறங்கியது.

இரண்டாவது ஞாயிறு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தொடங்கினார்கள். ஆம், மாமியாரும்தான். ஓடும் பட்டைமேல் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் பிசின் ஒட்டாது என்று வெல்டர் சொல்லியிருந்தார். தேதி முடிந்ததால் தூக்கிப்போட இருந்த குளுக்கோஸ் குழாய் ஒன்றை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிவந்து, ஒரு பாட்டிலில் மாட்டி ரம்பத்தின் மேல் தொங்கவிட்டாள். மாமியார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குழாயின் திருகைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டாள். யாராவது கேட்டால், "மரத்துக்கு ஒடம்பு சரியில்ல, ட்ரிப்ஸ் ஏறுது" என்பாள். அறுத்த பலகைகளை முற்றத்தின் நடுவில், ஒவ்வொன்றுக்கும் இடையே சிறு குச்சிகள் வைத்து, காற்றுப் போகும்படி அடுக்கினார்கள். அறை கட்ட வேண்டிய இடம் அதுதான். இரண்டு பேருக்கும் தெரியும், பேசிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. காதுகேளாத சத்தத்தில் மாமியார்தான் எடுத்து, "உன் பொண்டாட்டி மரம் அறுக்குறா" என்று கத்தினாள். அவள் ஓடிவந்து வாங்கினாள்.

"என்ன அறுக்குற?"

"வாகை. விழுந்துச்சுன்னு சொன்னேனே. பலகை போடுறேன். நீங்க வந்ததும் சொல்லலாம்னு…"

 கோபப்படப்போகிறார் என்று நினைத்தாள்.

"போனை அந்த மெஷின்கிட்ட கொண்டுபோ" என்றார் அவர்.

கொண்டுபோய் நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தாள்.

"பெல்ட் லூசா இருக்கு. வழுக்குது, கேக்கல உனக்கு? நிறுத்திட்டு, என்ஜினுக்கு அடியில போல்ட் இருக்கும் பாரு. தளர்த்திட்டு, என்ஜினப் பின்னால ஒரு நூல் அளவு இழு. இரு, நான் லைன்லயே இருக்கேன்."

ஸ்பானரை எடுத்துவந்து, படுத்துக்கொண்டு, போல்ட்டைத் தளர்த்தி, இழுத்து, முடுக்கினாள். மறுபடி ஓட்டிக் காட்டினாள். சத்தம் மாறியிருந்தது, அவளுக்கே தெரிந்தது.

"இப்ப சரி" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. "நல்லா ஓடுது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒன்றை அடுத்த தடவைக்குத் தள்ளாமல் அவர் சரிசெய்தது அதுதான் முதல் தடவை. போனை வைத்தபிறகு ரம்பத்தை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அறுக்க ஒன்றும் இல்லாதபோதும் சற்றுநேரம் ஓடவிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனை மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் மரம் அறுத்தாள். பல ஞாயிறுகளில் அது அடிக்கவில்லை. அடிக்காத நாளில் அவள் அறுத்த பலகைகள் கோணலாக வந்தன என்பது மாமியாரின் கணக்கு.

கடைசித் துண்டை அறுக்கும்போது அது நடந்தது. பாதி தூரம் போன ரம்பம் கிறீச்சென்று அலறியது. பட்டை சக்கரத்தை விட்டுக் கழன்று அறுந்து தொங்கியது. அவள் என்ஜினை நிறுத்தினாள். யாருக்கும் அடியில்லை. கடப்பாரையால் பலகையைப் பிளந்து தூக்கிப் பார்த்தால், வைரத்துக்குள் ஓர் இரும்புக் கொக்கி புதைந்திருந்தது. மரம் அதை முழுசாக விழுங்கி மேலே மரப்பட்டையும் மூடியிருந்தது. கொக்கியைச் சுற்றி மரம் மைக்கறுப்பாகிப் போயிருந்தது. அந்தக் கறுப்பு மேல்நோக்கி ஒரு முழம்வரை தீற்றலாக ஏறியிருந்தது.

மாமியார் குனிந்து பார்த்தாள்.

"இது அவன் அடிச்சது."

"யாரு?"

"யாரு என்ன யாரு. கல்யாணமான மாசம், கட்டில்ல தூக்கம் வரலன்னு இங்கதான கயித்துத் தொட்டில் கட்டிப் படுத்துக்கிட்டான். மறந்துட்டியா? மரத்துல இரும்பு அடிக்காதடான்னு அப்பவே சொன்னேன்."

அவள் மறந்துதான் போயிருந்தாள். இப்போது நினைவு வந்தது. மத்தியான நேரம், தொட்டிலில் ஒரு கால் தரையில் தொங்க அவர் தூங்குவார். அந்தக் காலைத் தாண்டித்தான் அவள் துணி காயப்போடப் போவாள். வேண்டுமென்றே ஈரத்துணியை உதறுவாள், முகத்தில் தெளிக்கட்டும் என்று.

மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் கட்டிய துணியை அவிழ்க்கவில்லை.

"அவன் இந்த வீட்டுல இருந்த நாளவிட இந்தக் கொக்கி இருந்த நாள்தான் அதிகம், இல்ல?" என்றாள்.

மருமகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இருவரில் யாரும் எழுந்துபோய்த் திருகை மூடவில்லை.

அந்த வருஷம் அவர் லீவில் வந்தார். டாக்ஸி நின்றது, மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு 'யாரோ' என்று சொல்லவில்லை. பையை முன்னறையில் போட்டுவிட்டு அவர் நேராக முற்றத்துக்குப் போனார். அடுக்கைச் சுற்றிவந்தார். பலகை பலகையாகத் தடவினார்.

"ரூம் கட்டுற எடம்" என்றார்.

"தெரியும்."

"இது என்ன கறை?"

"அது நீங்க" என்றாள். கொக்கியின் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பலகைகளில் கட்டில் ஒன்று செய்துவிட்டுத்தான் கப்பலேறுவேன் என்றார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"காயல. இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். இப்ப செஞ்சா கோணிக்கும்."

"என் லீவு அதுக்குள்ள முடிஞ்சிடும்."

"ஆமா."

அவர் லீவு முழுவதும் அடுக்குக்குமேல் தகரக் கூரை போட்டார். நாலே தகரம், ஆனால் அவ்வளவு நாளும் அதிலேயே ஏதோ வேலை இருந்தது அவருக்கு. கிளம்புகிற காலையில்கூட ஓர் ஆணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். டாக்ஸி தெருமுனை திரும்பியதும் அவள் உள்ளே வந்து, முற்றத்துக்குப் போய், ஒரு பலகையை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தாள். ஈரமரம் மந்தமாகச் சத்தமிடும். காய்ந்தால் கணீரென்று கேட்கும் என்று அவளுக்குப் பழகியிருந்தது. மந்தமாகத்தான் கேட்டது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் தினமும் தட்டிப் பார்த்தாள்.

பலகைகள் கணீரென்ற பிறகுதான் அந்தப் போன் வந்தது. அவருடைய கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டார்களாம். இளைஞர்களை மட்டும் வேறு கப்பலுக்கு எடுத்துக்கொண்டார்களாம்.

"வந்துடறேன்" என்றார்.

"எத்தன நாளைக்கு?"

"வந்துடறேன்னு சொன்னேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆயிற்று. வரிசையில் நின்ற நோயாளிகள், எக்ஸ்ரேக்கா அழுவதை அன்றுதான் பார்த்தார்கள்.

வந்தவர் குழாயைச் சரிசெய்தார். தாழ்ப்பாளை, பரணை, எல்லாவற்றையும் சரிசெய்தார். கொத்தனாரைக் கூப்பிட்டு முற்றத்தில் பாதியை அடைத்து அறை எழுப்பினார். தச்சரை உட்காரவைத்து வாகையில் கட்டில் போட்டார். மாமியாருக்கு முதல் வாரம் கால் தரையில் இல்லை. மூன்றாவது வாரம், "வெங்காயத்த ஏன்டா இப்படி நறுக்குற?" என்று சண்டை வந்தது. நல்ல சண்டை, வீடு நிறைந்த மாதிரி இருந்தது. அவளும் வேலை முடிந்ததும் ஓடிவந்துவிடுவாள். தெருமுனையிலேயே நடை வேகமாகும்.

ஒருநாள் விடிந்ததும் கண் விழித்தபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையைக் கட்டில் சட்டத்தின்மேல் பதித்துவைத்திருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. அசையவே மாட்டேங்குது."

"எது?"

"கட்டில்."

"அசையக் கூடாதுன்னுதான தச்சர் அவ்ளோ பாடுபட்டாரு?"

அவர் சிரித்தார். கையை மட்டும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அது பட்டது. கொஞ்ச நாளாக அவர் சாப்பாட்டுக்கு நடுவில் நிறுத்தி எதையோ கேட்பதுபோல இருப்பது, வாசலில் லாரி நின்றால் அதன் என்ஜின் அணையும்வரை அங்கேயே நிற்பது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். வாசலுக்கு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் பார்வை அது. இந்த வீட்டில் இரண்டு பெண்கள் வருஷக்கணக்காக அதைப் பார்த்துப் பழகியவர்கள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நாள் ஏங்கி ஏங்கி வரவழைத்த மனுஷர், வந்து உட்கார்ந்துகொண்டு கடலுக்கு ஏங்குகிறாரே என்று. அன்றைக்கு அவள் எடுத்த படங்களில் பாதி மங்கலாக வந்தன, திரும்ப எடுத்தாள்.

அந்த ஞாயிறு டெய்லரின் தம்பி வீட்டிலிருந்து ஒரு மாமரத் துண்டு வந்திருந்தது. வெல்டர் ரம்பத்துக்குப் புதுப் பட்டை மாட்டிக் கொடுத்ததிலிருந்து, தெருவில் யார் வீட்டு மரம் விழுந்தாலும் அது எக்ஸ்ரேக்கா வீட்டுக்குத்தான். மிச்சமிருந்த பாதி முற்றத்தில் தண்டவாளத்தை நெருக்கிப் போட்டு, ஒரு முனையை அவளும் மறுமுனையை அவருமாகப் பிடித்து உருட்டி வைத்தார்கள். அப்போது அவருக்குப் போன் வந்தது. சுவரோரம் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"ஒரு கப்பல்ல ஆள் கொறையுதாம். ஆறு மாசத்துக்கு வர்றியான்னு கேக்குறான்."

மாமியார் ஸ்டூலிலிருந்து நிமிர்ந்தாள். மருமகள் கடப்பாரையைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னுட்டேன்."

சொல்லிவிட்டு ஆப்பை எடுக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து, அறுபடாத மரத்தின் மேலேயே உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"எங்க?"

"என்ஜின் ரூம்ல."

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். இத்தனை வருஷமும் போனில் அவள் 'எப்ப வருவீங்க?' என்றுதான் கேட்டிருக்கிறாள். 'சாப்டீங்களா?' என்று கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதே இல்லை. கேட்டால் அந்த இடம் அவருக்குப் பிடித்துப்போன இடமாகிவிடும் என்று ஏதோ ஒரு பயம்.

"என்ன இருக்கும். சூடு. சத்தம்."

"சொல்லுங்க."

"ஏணி ஒண்ணு இருக்கும். செங்குத்தா. எறங்க எறங்க, என்ஜின் ஓடுறது மொதல்ல கால்லதான் தெரியும், காதுல இல்ல…"

அவர் சொல்லத் தொடங்கினார். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் கைகளை விரித்து. எண்ணெய் வாசனை எப்படி மாறினால் ஆபத்து என்றார். கூடவே வேலை பார்த்த ஒருவர் பல்வலியோடு பாடிய பாட்டை அதே வலியோடு பாடிக் காட்டினார். மாமியார் தன் ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்திக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, "இன்னிக்கு மெஷின் ஓடலியா?" என்று டெய்லர் கேட்டார்.  உள்ளே அடுப்பில் வைத்த சோறு குழைந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றாள் அவள்.